எடுக்காத வெற்றிலை

போன வருஷம் இங்குள்ள ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் மில்லர்புரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். அரசியல் பாடம் படிக்கிற மாணவர்களிடம் நான் பேச வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: உள்ளூர் அரசியலுக்குப் பட்டப்படிப்பு ஒருவரை எப்படித் தயார்செய்கிறது? நகரசபை உறுப்பினராக இருந்துவிட்டு, பிறகு உள்ளாட்சித் துறையில் உத்தியோகம் பார்த்து, ஓய்வும் பெற்று, இன்னும் தடுமாறாமல் பேசக்கூடியவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் மிச்சம் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

போனேன், பேசினேன். வரவு செலவுத் திட்டத்தை ஏன் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும், திருத்தத் தீர்மானம் எப்போது கொண்டுவர வேண்டும், கூட்டக் குறிப்பை யார் எழுதுகிறார் என்பதை ஏன் கவனிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "பட்டம் வாங்காத உறுப்பினர்கள் அந்தக் காலத்துல எப்படி சார் சமாளிச்சாங்க?" என்று கேட்டாள். "அவர்களுக்கு அனுபவம் என்ற பட்டம் இருந்தது" என்றேன். கைதட்டினார்கள். சால்வை போர்த்தி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள்.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. என் வியாதியே அதுதான். நான் சொல்வதில் பொய் இருப்பதில்லை. ஆனால் அந்தப் பெண் கேட்டது உண்மையான கேள்வி. அதற்கு உண்மையான பதில் என்னிடம் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பி.ஏ. முடித்து ஊர் திரும்பியபோது இரண்டாவது உலக யுத்தம் ஓயவில்லை. அப்பாவுக்குக் கடற்கரைத் தெருவின் முனையில் கடை. பனங்காட்டுப் பக்கத்திலிருந்து கருப்பட்டி வியாபாரத்துக்கு வந்து, அரிசி, கயிறு, மண்ணெண்ணெய் என்று வளர்ந்த கடை. அந்தத் தெரு முழுக்கக் கடல் தொழில் செய்கிற கிறிஸ்தவர்கள். ஆண்கள் வலைக்குப் போவார்கள், சங்கு குளிக்கப் போவார்கள், துறைமுகத்துக்கு வெளியே ஆழத்தில் நிற்கிற கப்பல்களுக்குத் தோணியில் சரக்கு ஏற்றி இறக்குவார்கள். பெண்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த மணலில் கருவாடு காயப்போடுவார்கள். அவர்கள் வாங்குகிற சாமான் எங்கள் கடைச் சாமான்.

பட்டம் வாங்கினவனுக்கு உடனே வேலை கிடைத்துவிடவில்லை. கடையில் உட்கார்ந்து அரிசி அளந்தேன். தெருவில் ஒரு தண்டல் இருந்தார். தோணியை நடத்துகிற தலைவரை இங்கே தண்டல் என்போம். அவர் கொழும்புக்குப் பல வருஷம் தோணி ஓட்டி, முழங்கால் வலியால் கரையில் தங்கிவிட்டவர். தெருவில் அவர் சொல்லுக்கு மதிப்பு. கடைக்கு வந்தால் என்னைச் சீண்டாமல் போக மாட்டார்.

"ஏலே பி.ஏ., அரைப் படி அரிசிக்கு எந்தப் புத்தகத்தப் பாத்து அளக்க?"

"புத்தகம் பாத்தா குறையும் அண்ணாச்சி. கையால அளக்கேன்."

"கையால அளந்தாலும் குறையத்தான செய்யிது. உங்க அப்பன் பழக்கிட்டான்."

கல்லூரியில் எங்களுக்கு ஒரு மாதிரிப் பாராளுமன்றம் உண்டு. அதில் நான் சபாநாயகர். தீர்மானம், திருத்தம், ஒழுங்குப் பிரச்சினை எல்லாம் எனக்கு மனப்பாடம். யார் எப்போது எழுந்திருக்கலாம், எப்போது எழுந்தால் செல்லாது என்று மற்ற மாணவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். இந்த அறிவை அரிசி அளக்கிற இடத்தில் செலவிட வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து நகரசபைத் தேர்தல் வந்தது.

வார்டுகளைப் பிரித்தவர்கள் கடற்கரைத் தெருவை நடுவில் அறுத்துவிட்டார்கள். வடபாதி ஒரு வார்டு, தென்பாதி இன்னொரு வார்டு. வடபாதியில் தண்டல் நின்றார். தென்பாதியும், அதற்கு மேற்கே இருந்த வியாபாரிகள் தெருவும் சேர்ந்த வார்டில் நான் நின்றேன். தண்டலே என்னைத் தெருக் கூட்டத்துக்கு அழைத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலுக்கு வெளியே இருந்த கொட்டகையில் கூடுவார்கள். நான் எழுந்து பேசினேன். குடியாட்சி, சுயராஜ்யம், குழாய்த் தண்ணீர் என்று அடுக்கினேன். யாரும் கைதட்டவில்லை, எதிர்க் கேள்வியும் கேட்கவில்லை. முகங்கள் சலனமில்லாமல் இருந்தன. தோற்றுவிட்டோம் என்று உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலை வந்தது. ஒவ்வொருவரிடமும் நீட்டினார்கள். ஒவ்வொருவரும் ஒன்று எடுத்தார்கள். தட்டு தண்டலிடம் திரும்பி வந்தபோது காலியாக இருந்தது. அவர் அதைக் கவிழ்த்துக் காட்டினார்.

"முடிஞ்சிதுல. நீ நம்ம ஆளு."

"யாரும் ஒண்ணும் பேசலியே அண்ணாச்சி?"

"பேசினா சண்டை வரும். நாளைக்கு விடிஞ்சா ஒரே தோணில ஏறணும். மூஞ்சிக்கு நேரா உன்னப் புடிக்கலன்னு எப்பிடிச் சொல்லுதது? புடிச்சவன் வெத்தல எடுப்பான். புடிக்காதவன் புறங்கையால தள்ளி விட்டுருவான். தட்டத்தப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

அழகான முறை என்று நினைத்தேன். என் பாடப் புத்தகங்களில் இரகசிய வாக்கெடுப்பு பற்றியும் பகிரங்க வாக்கெடுப்பு பற்றியும் தனித்தனி அத்தியாயம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே, எல்லாரும் பார்க்க, ஒருவரையும் புண்படுத்தாமல் மறுக்கிற ஒரு வழி எந்த அத்தியாயத்திலும் இல்லை. அதை மனதில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டதுதான் வினை.

இருவரும் ஜெயித்தோம்.

நகரசபை மண்டபத்தில் நீள மேசை, பச்சைத் துணி, தலைக்கு மேல் விசிறி. எங்கள் தலைவர் ஒரு வக்கீல். வீட்டில் கட்சிக்காரர்கள் காத்திருப்பார்கள் என்பதால் கூட்டத்தைச் சீக்கிரம் முடிப்பதில் வல்லவர். தீர்மானம் வாசித்ததும், "ஆட்சேபணை உண்டா இல்லை ஏகமனதாக நிறைவேறியது" என்று ஒரே மூச்சில் சொல்லி அடுத்ததற்குப் போய்விடுவார். கேள்விக்கும் முடிவுக்கும் இடையில் ஒரு கமா அளவு இடம் இருக்கும். அந்த இடத்தில் எழுந்து நிற்கத் தெரிந்தவன் சபையில் பிழைத்துக்கொள்வான். எனக்குத் தெரியும். பட்டம் அதற்கு என்னைத் தயார்செய்திருந்தது.

தண்டல் வேட்டியின் மேல் ஒரு கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு எல்லாக் கூட்டத்துக்கும் வருவார். ஒன்றும் பேச மாட்டார். எல்லாவற்றையும் கேட்பார். கூட்டத்தின் நடுவில் டவாலி போட்ட சேவகன் தேநீரும், பின்னாலேயே வெற்றிலைத் தட்டும் கொண்டுவருவான். மற்றவர்களுக்கு அது வாய்க்கு ருசி, அவ்வளவுதான். தண்டல் மட்டும் அந்த நேரத்தில் மேசையில் இருக்கிற விஷயம் பிடித்திருந்தால் ஒரு வெற்றிலை எடுப்பார். பிடிக்காவிட்டால் புறங்கையால் தட்டைத் தள்ளுவார். தெருவிளக்கு வரி விஷயத்தில் தள்ளினார். அது வேறு காரணத்தால் தோற்றது. தான் தள்ளியதால் தோற்றது என்று அவர் நினைத்துக்கொண்டார். மீன் சந்தைக்குக் கூரை போடுகிற விஷயத்தில் எடுத்தார். அது நிறைவேறியது.

இதைச் சபையில் கவனித்தவன் நான் ஒருவன்தான். எனக்கு வேடிக்கையாக இருந்தது. "அண்ணாச்சி, இங்கன அது செல்லாது, எழும்பி நின்னு வாயால சொல்லணும்" என்று ஒரு தடவை படியிறங்கும்போது சொல்லியிருந்தால் முடிந்தது. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன். வேடிக்கை போய்விடுமே என்றுகூட நினைத்திருக்கலாம். படித்தவனுக்கு மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருப்பதில் ஒரு சுகம் உண்டு.

வியாபாரிகள் தெருவில் பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி வைத்திருந்த முதலாளி ஒருவர் புது மாடி வீடு கட்டினார். மாடி சன்னலைத் திறந்தால் கடல் தெரியும். கடலுக்கு முன்னால் கருவாடு தெரியும். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மருமவ வாந்தி எடுக்கா, தம்பி. டாக்டரு மசக்கைங்கான். நான் கருவாடுங்கேன்."

"ரெண்டும் இருக்கலாம் அண்ணாச்சி."

"சன்னலத் திறக்க முடியலய்யா. இத்தன செலவழிச்சு வீடு கட்டி, சன்னல மூடி வச்சிக்கிட்டு இருக்கணும்னா, பேசாம பழைய வீட்டிலயே கெடந்திருப்பேன். நீ படிச்சவன். இதுக்கு ஒரு வழி இல்லாமலா இருக்கும்? சுகாதாரக் கமிட்டிக்கு உன்னத்தான் தலைவராப் போடணும்னு எல்லாரும் சொல்லுதாவ."

எல்லாரும் என்பது அவரும், சபையில் உறுப்பினராக இருந்த அவர் மச்சானும். ஆனால் என் வார்டில் ஓட்டு உள்ளவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருக்காரர்கள். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஓட்டுக் கிடையாது, வரி கட்டுகிறவர்களுக்குத்தான். கடற்கரைத் தெருவின் தென்பாதி எனக்கு வெற்றிலை எடுத்துத் தந்த நம்பிக்கை பெரியது. தந்த ஓட்டு கொஞ்சம்தான். இந்தக் கணக்கைப் போடுவதற்குப் பட்டம் தேவையில்லை. போட்ட பிறகு அதற்கு வேறு பெயர் வைப்பதற்குத்தான் தேவை.

தீர்மானத்தை நானே எழுதினேன். நாற்றம் என்ற சொல் அதில் இல்லை. பொதுச் சுகாதாரத்தை முன்னிட்டு, கருவாடு உலர்த்தும் இடத்தை ஊருக்கு வடக்கே, உப்பளங்களுக்கு அப்பால் வேம்பார் சாலையோரமாக உள்ள விசாலமான இடத்துக்கு மாற்றுவது என்று எழுதினேன். விசாலமான என்ற சொல்லைச் சேர்த்ததில் அன்று எனக்குப் பெருமை. அந்த இடம் எவ்வளவு விசாலமோ அவ்வளவு தூரம்.

அறிவிப்பு உரிய நாளில் போனதா என்று நானே சரிபார்த்தேன். முறையில் ஒரு குறையும் இல்லை.

கூட்டத்துக்கு முன்னால் தாழ்வாரத்தில் காயல்பட்டணத்து வியாபாரி ஒருவர் என்னை நிறுத்தினார். அவரும் உறுப்பினர். இலங்கைச் சரக்குக்காகப் பல வருஷம் தண்டலின் தோணியை நம்பியவர்.

"இதுல தண்டல் என்ன சொல்லுதாரு?"

"கேட்டுக்கிடுங்க."

"அவரு எழும்பினா நானும் எழும்புவேன். என்னோட இன்னும் நாலஞ்சு பேரு எழும்புவாவ. அவரு சும்மா இருந்தா எனக்கென்ன வந்தது?"

ஆக, எல்லாம் ஒரு மனிதர் எழுந்து நிற்பதில் இருந்தது. அது எனக்குத் தெரிந்துதான் உள்ளே போனேன்.

நகரசபை அலுவலக மேலாளர் தீர்மானத்தை நிறுத்தி, விளக்கமாகவே வாசித்தார். தண்டலுக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. நன்றாகப் புரிந்தது. நான் பேசப்பேச அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. கடையில் அரிசி குறைகிறதா என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை. நான் உட்கார்ந்ததும் சேவகன் தட்டைக் கொண்டுவந்தான். அவர் முன் வைத்தான். தண்டல் கையைத் திருப்பி, புறங்கையால், எல்லாரும் பார்க்கும்படி, தட்டைத் தள்ளினார். வழக்கத்தைவிட வேகமாகத் தள்ளினார். அது பச்சைத் துணியில் சறுக்கி மேசையின் குறுக்கே வந்து எனக்கு நேராக நின்றது.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட ஆளின் முகம்.

காயல்பட்டணத்து வியாபாரி தண்டலின் வாயைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. வியாபாரி தன் நகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஆட்சேபணை உண்டா" என்றார் தலைவர். நான் சொன்னேனே, ஒரு கமா அளவு இடம். 'தலைவர் அவர்களே, வடக்கு வார்டு உறுப்பினர் எதிர்க்கிறார், அவரைக் கேளுங்கள்' என்று சொல்ல அது போதும். தீர்மானம் கொண்டுவந்தவன் அப்படிச் சொல்லக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. விதிகள் எனக்குத் தெரியும்.

தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, பாக்குக்கூட வைக்காமல், வாயில் போட்டுக்கொண்டேன்.

"இல்லை ஏகமனதாக நிறைவேறியது" என்றார் தலைவர்.

ஏகமனதாக என்ற சொல் தண்டல் காதில் விழாமல் இருக்காது. ஆனால் தலைவர் எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லுவார். கோயிலில் பூசை முடிவில் சொல்கிற வார்த்தை மாதிரி, கூட்டத்தில் அதுவும் ஒரு சடங்கு வார்த்தை என்றுதான் தண்டல் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஏனென்றால் படியிறங்கும்போது என் தோளில் தட்டினார்.

"ஏலே பி.ஏ., பேச்சு நல்லாத்தான் இருந்திச்சி. உன் வியாபாரியளுக்காகப் பேசின, பேசிக்கோ. ஆனா நடக்காது. நான் வெத்தல எடுக்கல, பாத்தல்லா?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, முழங்காலை ஊன்றி ஊன்றி, சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

கொஞ்ச நாளில் நகரசபை ஓவர்சியர் இரண்டு ஆட்களோடு தெருவுக்கு வந்தார். இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அறிவிப்பை வாசித்தார். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எங்க தண்டலு இருக்கும்போது எவன்ல எங்களக் காலி பண்ணச் சொன்னான்?" என்று சத்தம். ஓவர்சியர் பாவம், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே. "உங்க தண்டலும் சேந்துதாம்மா. ஏகமனதாப் போட்டிருக்கு" என்று காகிதத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். தீர்மானம் கொண்டுவந்தவன் நான் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்காகத் திட்டுவார்கள் என்று பதில்களைத் தயாரித்துக்கொண்டு போனேன். திட்டவில்லை. வியாபாரி வீட்டுப் பிள்ளை வியாபாரிக்குப் பேசியதில் அவர்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை போலும். அவர்களுடைய வழக்கு என்னோடு இல்லை, தண்டலோடு. அவர் கொட்டகையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கொட்டகையில் அவர் உட்காராமல் நின்று நான் பார்த்ததில்லை.

அவருடைய அக்காதான் பேசினாள். கணவனைக் கடலில் இழந்தவள். கருவாடு உலர்த்திப் பிள்ளைகளை வளர்த்தவள்.

"ஏலே, கிட்டங்கிக்காரன் உனக்கு என்னல குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கல அக்கா. நான் வெத்தல எடுக்கல. எத்தன மட்டம் சொல்ல? தள்ளி விட்டேன்."

"தள்ளி விட்டா எல்லாரும் ஒரே மனசுன்னு எப்பிடில எழுதுவான்? தட்டம் நெறஞ்சி வந்தா எவனுக்கும் தெரியாமலா போவும்?"

"அதான் எனக்கும் தெரியல."

"இங்கன நிக்கானே பி.ஏ., இவன் அங்கன இருந்தாம்லா. இவன் சொல்லட்டும்." என் பக்கம் திரும்பினாள். "தம்பி, வேற ஒண்ணும் வேண்டாம். அளந்த தீர்மானத்த நீ திருப்பி அளக்க வேண்டாம். எந்தம்பி வெத்தல எடுத்தானா, எடுக்கலியா? அத மட்டும் சொல்லு."

தண்டல் என்னைப் பார்த்தார். நிம்மதியாகப் பார்த்தார். பார்த்தேன் அண்ணாச்சி என்று படியில் நான் சொன்னது அவர் காதில் இன்னும் இருந்திருக்கும்.

எடுக்கவில்லை. ஒரே வார்த்தை. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த கேள்வி எனக்கு வரும்: உனக்குத் தெரிந்திருந்ததே, பிறகு ஏன் சும்மா இருந்தாய்? அது எனக்கு உடனே தெரிந்தது. கேள்வி வருவதற்கு முன்னால் அதற்கு அடுத்த கேள்வியைப் பார்க்கிற பயிற்சி கல்லூரியில் கொடுத்ததுதான்.

"நகரசபையில வெத்தலைக்குக் கணக்குக் கிடையாது" என்றேன். "எதுக்கிறவங்க எழும்பி நின்னு சொல்லணும். தலைவர் ஆட்சேபணை உண்டான்னு கேட்டாரு. அண்ணாச்சி எழும்பல. ஒண்ணும் சொல்லல."

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. எந்தக் கோர்ட்டிலும் நிற்கும்.

பின்னால் ஒருவன், "கேட்டிருக்கான், சொல்லல" என்று மெதுவாகச் சொன்னான். அக்கா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள். தண்டல் வாயைத் திறந்தார். படியில் நான் சொன்னதைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் ஒருவன் மூஞ்சிக்கு நேராக நீ பொய்யன் என்று சொல்லுகிற பழக்கம் அந்தத் தெருவில் கிடையாது.

"சரி" என்றார். "தம்பி படிச்சவிய. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அதுவரை அவர் என்னை நீங்க என்று சொன்னதில்லை. அதற்குப் பிறகு நீ என்று சொன்னதில்லை.

அப்போதும் எல்லாம் முடிந்துவிடவில்லை. முந்தைய கூட்டத்தின் குறிப்பை அடுத்த கூட்டத்தில் வாசித்து உறுதிசெய்வார்கள். எழுதியதில் தவறு இருந்தால் எந்த உறுப்பினரும் திருத்தச் சொல்லலாம். 'ஏகமனதாக' என்பதை அடித்துவிட்டு 'வடக்கு வார்டு உறுப்பினர் நீங்கலாக' என்று போடச் சொல்லியிருந்தால் தீர்மானம் மாறியிருக்காது, அவர் பெயர் பிழைத்திருக்கும். ஓவர்சியர் காட்டிய காகிதத்துக்கு எதிராக இன்னொரு காகிதத்தை அவர் தன் அக்காவிடம் காட்டியிருப்பார். அவருக்கு இந்த வழி தெரியாது. அந்தக் கூட்டத்துக்கு அவர் வரவும் இல்லை.

நான் எழுந்தேன். உண்மையாகவே எழுந்தேன். மேசைக்கு எதிரே தண்டலின் காலி நாற்காலி தெரிந்தது. முதலாளியின் மச்சானும் தெரிந்தார். "என்ன திருத்தம்?" என்று தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. விட்டுப்போயிருக்கிறது" என்றேன்.

சேர்த்துக்கொண்டார்கள்.

கருவாட்டு இடம் வடக்கே போனது. பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உப்பளத்து வரப்பு வழியாக நடந்தார்கள். முன்பெல்லாம் கொஞ்சம் மேகம் கறுத்தால் வீட்டிலிருந்து ஓடிவந்து பாயைச் சுருட்டிவிடுவார்கள். அடுப்பில் உலை இருக்கும், இடுப்பில் பிள்ளை இருக்கும், ஆனாலும் சுருட்டிவிடுவார்கள். அங்கே போன முதல் ஐப்பசியில் பாதிச் சரக்கு மழையில் அழுகியது. தண்டலின் அக்கா எங்கள் கடைக்கு உப்பு வாங்க வந்தாள். வழக்கம்போல வாங்கினாள், வழக்கம்போலக் காசு கொடுத்தாள். அந்தத் தெருவில் யாரும் எங்கள் கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. மற்றக் கடைகள் தூரம். நிறுத்தியிருந்தால் எனக்கு ஏதோ ஒரு கணக்குத் தீர்ந்தமாதிரி இருந்திருக்கும்.

முதலாளியின் மருமகள் சன்னலைத் திறந்தாள். வாந்தி நிற்கவில்லை. டாக்டர் சொன்னதுதான் சரி.

பின்னால் நான் உத்தியோகத்துக்குப் போய், எத்தனையோ ஊர்ச் சபைகளின் கூட்டங்களில் அதிகாரியாக உட்கார்ந்திருக்கிறேன். ஓரமாகப் பேசாமல் இருக்கிற உறுப்பினர் யாராவது இருந்தால், அவரைத் தனியாகக் கேளுங்கள் என்று தலைவருக்குத் துண்டுச்சீட்டு அனுப்புவேன். அவரா, அவருக்கு ஒன்றும் இருக்காது என்பார்கள். கேளுங்கள் என்பேன். இதனால் கூட்டம் நீண்டது, எனக்குக் கெட்ட பெயர் வந்தது. இதில் எதுவும் தண்டலுக்குப் போய்ச் சேரவில்லை.

அடுத்த தேர்தல் வந்தபோது தண்டல் நிற்கவில்லை. நில்லுங்கள் என்று அவரை யாரும் கேட்கவும் இல்லை. நான் நின்றேன். கடற்கரைத் தெருவுக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் தேர்தல் ஏஜண்டு உள்நாட்டுக்காரர், கடற்கரை வழக்கம் ஒன்றும் தெரியாதவர். அவர்தான் விடவில்லை. "ஒரு தெருவ விட்டுட்டாப் பயந்துட்டான்னு சொல்லுவாங்க" என்று இழுத்துக்கொண்டு போனார்.

அதே கொட்டகை. அதே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எனக்கு நாற்காலி போட்டார்கள், கலர் சோடா கொடுத்தார்கள். பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. மழைக்கு அந்த வடக்கு இடத்தில் கொட்டகை போட்டுத் தருவேன் என்று சொன்னதாக ஞாபகம். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு பித்தளைத் தட்டு வந்தது. முதல் ஆள் புறங்கையால் தள்ளினான். அடுத்த ஆளும். பெண்கள் பக்கம் போனது, அங்கேயும் அப்படியே. ஓசையில்லாமல், ஒரு முகத்திலும் சுளிப்பு இல்லாமல், தட்டு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

ஏஜண்டு என் காதில், "ஒருத்தர்கூட மறுத்துப் பேசல. தெரு மொத்தமும் நமக்குத்தான்" என்றார்.

கடைசியில் தட்டு தண்டல் கைக்குப் போனது. அவர் அதை எடுத்துக்கொண்டு, முழங்காலைத் தாங்கித் தாங்கி, என்னிடம் வந்தார். வெற்றிலை அடுக்கு குலையாமல் இருந்தது.

"கவுன்சிலர் ஐயா, நீங்க எடுத்துக்கிடுங்க. விருந்தாளி."

கையை நீட்டினேன். அந்தப் பச்சைத் துணி மேசையில் எவ்வளவு சுலபமாக எடுத்தேன்! இப்போது நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி."

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"ஐயாவும் எடுக்கல. அப்ப இன்னைக்கு எல்லாருக்கும் ஒரே மனசுதான். ஏளா, யாராவது எழுதிக்கிடுங்க. ஏகமனதாம்."

கொட்டகை முழுவதும் சிரித்தது. அவர் அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் தம்பி சொன்ன வார்த்தைக்கு அவள் சிரித்ததை அவர் திரும்பிப் பார்த்தார். என்ன வேடிக்கை என்று புரியாமல் ஏஜண்டும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தத் தேர்தலில் வியாபாரிகள் தெரு ஓட்டில் ஜெயித்தேன். முதல் கூட்டத்திலேயே சுகாதாரக் கமிட்டித் தலைவராக என்னை முன்மொழிந்தார்கள். ஆட்சேபணை உண்டா என்று தலைவர் கேட்டார். எதிரே, தண்டல் இருந்த நாற்காலியில் கிட்டங்கி முதலாளியின் மச்சான் உட்கார்ந்திருந்தார், வாய் நிறைய வெற்றிலையோடு.